அரிய நிறத்தில் உள்ள பழைய ஃபெண்டர் கிட்டார் அசல்தானா என்று சோதிக்கும் முறை

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இயங்கிய ஃபெண்டர் நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களைப் பெரும்பாலும் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரங்களில் கருமையாகும்) பூச்சில்தான் விற்றது. விலையில் 5 சதவீதம் கூடுதலாகச் செலுத்தியவர்களுக்கு டூபாண்ட் நிறுவனத்தின் கார் வண்ணங்களில் ஒன்றைப் பூசித் தந்தது. ஃபியஸ்டா ரெட் 1956ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டிலிருந்தும், லேக் பிளாசிட் ப்ளூ 1958ஆம் ஆண்டு கெடிலாக்கிலிருந்தும் வந்தவை. இந்த நிறங்களில் மிஞ்சியிருக்கும் அசல் கிட்டார்களுக்கு இன்று சன்பர்ஸ்டைவிட மிக அதிக விலை கிடைப்பதால், சாதாரண சன்பர்ஸ்டின் பூச்சைச் சுரண்டிவிட்டு அரிய நிறத்தைப் பூசி விற்பதும் நடக்கிறது. பூச்சு மாறிய கிட்டாரும் நன்றாகவே ஒலிக்கக்கூடும். அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

முதலில் காலத்தை உறுதிசெய்யுங்கள். கிட்டாரின் கழுத்தான நெக்கை அதன் உடலான பாடியோடு இணைக்கும் நெக் தகட்டிலுள்ள வரிசை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் அந்தத் தகடுகளை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தவில்லை. தவிர, நான்கு திருகுகளைக் கழற்றினால் யாரும் தகட்டை மாற்றிவிடலாம். நெக்கின் அடிமுனையில் உள்ள தேதி இதைவிட வலுவான சான்று. அது 1962 தொடக்கம் வரை பென்சிலில் எழுதப்பட்டது. அதன்பின் மை முத்திரையாக இடப்பட்டது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர்களின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகங்களின்) முதுகில் இருக்கும் எண்ணையும் படியுங்கள். 3046320 என்று இருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் என்ற தயாரிப்பாளரையும், 63 ஆண்டையும், 20 வாரத்தையும் குறிக்கும். இந்த எண், கிட்டார் எந்த நாளுக்கு முன்பு உருவாகியிருக்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். பாகங்களை மொத்தமாக வாங்கி வைத்துப் பயன்படுத்தியதால், கிட்டார் அதற்குப் பல மாதங்கள் கழித்துக்கூட உருவாகியிருக்கலாம்.

அடுத்தது பூச்சு. உண்மை வெளிப்படும் இடம் இதுதான் என்பதால் இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். பாடியின் முன்புறத்தைக் கீறல்களிலிருந்து காக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி, வெளிச்சமே படாத அடிப்பகுதியின் நிறத்தை வெளிப்புறத்தோடு ஒப்பிட வேண்டும். வண்ணத்தின்மேல் அடித்த நிறமற்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு காலப்போக்கில் மஞ்சளடிப்பதால், வெளியே லேக் பிளாசிட் ப்ளூ பச்சை கலந்ததாகவும், ஒலிம்பிக் ஒயிட் வெண்ணெய் நிறமாகவும் மாறியிருக்கும். பிக்கார்டின் அடியில் பழைய நிறம் ஓரளவு தங்கியிருக்கும். இரண்டு இடங்களிலும் மஞ்சள் ஒரே அளவில் இருந்தால், அந்த மஞ்சள் சாயமாகவே கலக்கப்பட்டதோ என்று ஐயப்பட வேண்டும். ஆனால் மேல் லாக்கர் அடிக்கப்படாத அசல்களும் உண்டு என்பதால், மஞ்சளே இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறகு ஆணித்துளைகளைத் தேடுங்கள். ஏறத்தாழ 1964 வரை, பாடியில் சில சிறு ஆணிகளை அடித்து, அவற்றின்மேல் அதை நிறுத்திக் காயவைத்தார்கள். பூசும்போது ஆணி துளைக்குள்ளேயே இருந்ததால் துளையின் உட்புறம் வண்ணமின்றி வெறும் மரமாக இருக்கும். துளை நிரம்பியிருந்தாலோ, உள்ளே வண்ணம் வழிந்திருந்தாலோ, அந்தப் பூச்சு பின்னர் வந்தது. நெக் பொருந்தும் பள்ளத்தையும் பாருங்கள்: 1962இன் பிற்பகுதிக்குப் பிறகு அங்கே ஒரு கட்டையைத் திருகிப் பிடித்துக்கொண்டு பூசியதால், கட்டை மறைத்த இடம் மட்டும் நிறமின்றி ஒரு பட்டையாகத் தெரியும். அதற்குப் பிந்தைய தேதி கொண்ட கிட்டாரில் பள்ளம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் அது கேள்விக்குரியது.

வண்ணம் உதிர்ந்த ஓரங்களில் உருப்பெருக்கியை வைத்து அடுக்குகளைப் பாருங்கள். அரிய நிறத்துக்கு அடியில் சன்பர்ஸ்ட் தெரிந்தாலே போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சன்பர்ஸ்ட் பூசி முடித்த பாடிகளின் மேலேயே தொழிற்சாலையில் வேறு நிறம் அடித்ததும் உண்டு. அப்படிப்பட்ட கிட்டாரில் ஆணித்துளைகளும் நெக் பள்ளமும்தான் தீர்ப்புச் சொல்லும். இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பழைய லாக்கர் மங்கிய மஞ்சள்பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் தொட்டுப் பூசிய இடங்கள் கருந்திட்டுகளாகத் தனித்து நிற்கும்.

மின்கம்பிகளின் பற்றாசு (சோல்டர்) இணைப்புகளைக் கண்ணால் மட்டும் பாருங்கள், சூடாக்கிப் பிரிக்காதீர்கள். மற்றொரு கிட்டார் நிறுவனமான கிப்ஸனின் பழைய ஹம்பக்கர்களைப் (கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்களைப்) பொறுத்தவரை இது மிக முக்கியம். 1959, 1960 காலத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பற்றாக்குறையால் சிலவற்றின் சுருள் சட்டங்கள் வெண்மஞ்சள் நிறத்தில் வந்தன. அவற்றுக்குத் தனி விலை உண்டு. அதைப் பார்க்கும் ஆவலில் உலோக மூடியைப் பெயர்த்தால், தொழிற்சாலைப் பற்றாசு என்ற சான்று மீட்கவே முடியாமல் அழிந்துபோகும்.

அதே கிப்ஸனின் இஎஸ்-335 கிட்டாரில், கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குக் (பிரிட்ஜ்) கீழே 'கஸ்டம் மேட்' என்று பொறித்த சிறு கறுப்புத் தகடு இருந்தால் வியக்க வேண்டாம். பிக்ஸ்பி என்ற வகை டெயில்பீஸை (கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் பாகத்தை) பொருத்தியபோது, வேறு டெயில்பீஸுக்காக ஏற்கெனவே இட்ட துளைகளை மறைக்கவே அதை வைத்தார்கள். தகடு இல்லாமல் துளைகள் மட்டும் திறந்து கிடந்தால், டெயில்பீஸ் எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கிட்டாரை வேறு நாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால், பணம் செலுத்தும் முன் விரல்பலகை மரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பிரேசிலியன் ரோஸ்வுட் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. உரிய சான்றிதழ் இல்லாவிட்டால், எவ்வளவு அசலான கிட்டாராக இருந்தாலும் சுங்கத்தில் பறிமுதலாகலாம்.