வெடிக்காத தோட்டாவும் மெலிந்து வெடித்த தோட்டாவும்

விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையென்றால் உடனே துப்பாக்கியைத் திறந்து பார்க்கத் தோன்றும், அதைத்தான் செய்யக்கூடாது. பிரைமர் (தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பான்) தாமதமாகப் பற்றி, சற்றுக் கழித்தும் வெடிமருந்து வெடிக்கக்கூடும் என்பதால், குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 நொடிகள் காத்திருந்து, முகத்தை விலக்கிக்கொண்டு தோட்டாவை வெளியேற்ற வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, ஓசையும் பின்னுதைப்பும் வழக்கத்தைவிடக் குறைந்த வெடிப்பு. சுட்ட தோட்டா உறைகளை மீண்டும் நிரப்பும் மறுநிரப்பு மேசையில் மருந்து இடப்படாமல் தப்பிய தோட்டாவே பெரும்பாலும் இதற்குக் காரணம். பிரைமரின் விசை மட்டுமே தள்ளிய குண்டு குழலுக்குள் சிக்கியிருக்க, அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கவோ பிளக்கவோ செய்யும். எனவே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியை முழுவதும் காலிசெய்த பின்னரே குழல் அடைபட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். சிக்கிய குண்டை இன்னொரு குண்டால் வெளியேற்ற முயல்வது மடமை.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகை மருந்துக் குப்பியை மட்டும் வைத்து, குண்டைப் பொருத்துமுன் ஒவ்வோர் உறைக்குள்ளும் விளக்கடித்து மருந்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஷாட்கன் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்; 20 கேஜ் தோட்டாக்களின் மஞ்சள் நிறம் அலங்காரமன்று. அவை 12 கேஜ் குழலுக்குள் நழுவி அதை அடைத்துவிடும் என்பதால் இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் போடலாகாது.