பெயர் வைக்கும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

"யாரும் வைக்காத பெயரா இருக்கணும்." இன்றைக்குப் பல இளம் பெற்றோரின் முதல் நிபந்தனை இதுதான். ஆனால் அவர்கள் எல்லாரும் தேடுவது ஒரே மாதிரிப் பட்டியல்களில். பெயர் தனித்ததாக இருந்தாலும் அதன் ஓசை பொதுவாகிவிடுகிறது. ஆத்விக், ருத்விக், சாத்விக் மூவரும் ஒரே வகுப்பில் இருந்தால் டீச்சர் கூப்பிடும்போது மூவரும்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அபூர்வத்தைத் தேடி மோஸ்தரில் போய் விழுவதுதான் முதல் தவறு.

தமிழ்நாட்டில் இந்த மோஸ்தர் எத்தனை முறை மாறியிருக்கிறது என்று பார்த்தாலே ஒரு நிதானம் வரும். திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து வீடுதோறும் அறிவழகன், தமிழ்ச்செல்வி, கயல்விழி பிறந்தார்கள். 1953 மார்ச் 1-இல் கருணாநிதிக்கு மகன் பிறந்தார். நான்கு நாளில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தார். அந்தப் பெயரே குழந்தைக்கு வந்தது. அப்புறம் ரமேஷ், சுரேஷ், தினேஷ் அலை. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று சுரேஷ் இருந்து, இனிஷியலைச் சொல்லிப் பிரித்துக் கூப்பிட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெயர்களும் ஒரு காலத்தில் புதுசாக, நாகரிகமாகத் தோன்றியவைதான். குலதெய்வத்தின் பெயரான இசக்கியம்மாள், பேச்சியம்மாள், முனியாண்டி எல்லாம் அந்த அலையில்தான் பின்னுக்குப் போயின. இப்போது யாழினி, இனியன், மகிழன், ஆதிரை என்று தமிழ்ப் பெயர்கள் திரும்ப வருகின்றன. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனாலும் 'இப்போது எல்லாரும் வைக்கிறார்கள்' என்பது மட்டுமே காரணமாக இருந்தால் அது போதாது. பிள்ளை அறுபது வயதிலும் அந்தப் பெயரோடுதான் இருக்கப்போகிறது.

பொருள் பார்ப்பதிலும் அவசரம் கூடாது. பட்டியல்களில் போட்டிருக்கும் பொருளை அப்படியே நம்பாமல் ஒரு நல்ல அகராதியைப் புரட்டுங்கள், அல்லது அந்த மொழி தெரிந்தவரிடம் கேளுங்கள். அனாமிகா என்றால் பெயரற்றவள். மோதிர விரலுக்கும் அதுதான் பெயர். தெரிந்தே வைத்தால் சரி, தெரியாமல் வைக்கக் கூடாது. நேர்ப்பொருளை மட்டும் பார்த்து நல்ல பெயரை ஒதுக்கிவிடுவதும் உண்டு. அபர்ணாவுக்கு நேர்ப்பொருள் இலையில்லாதவள். இலையைக்கூட உண்ணாமல் பார்வதி தவம் இருந்த கதை தெரிந்தால்தான் அதன் அழகு புரியும்.

நட்சத்திர எழுத்து விஷயத்தில் பிடிவாதம் பிடித்துக் கஷ்டப்படும் குடும்பங்கள் நிறைய. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங', அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண' என்று பஞ்சாங்கம் சொல்லும். இந்த எழுத்துகளில் தொடங்க நமக்குச் சொல்லே இல்லை. அதற்காக வாயில் நுழையாத ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டாம். ஜாதகத்துக்கு ஒன்று, அழைக்க ஒன்று என்று இரண்டு பெயர் வைப்பது நம் வீடுகளில் இருக்கும் வழக்கம்தானே.

எண் கணிதம் கணக்குப் போடுவது ஆங்கில எழுத்துகளுக்கு. தமிழில் எழுதும் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. கூட்டுத்தொகை வர வேண்டும் என்று ஓர் 'ஏ', ஒரு 'ஹெச்' கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பிறகு ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி என்று ஆகி, பிள்ளை வளர்ந்த பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் நிற்கிறது. 'ழ' வரும் பெயர் என்றால் 'இசட் ஹெச்' போடுவதா, 'எல்' போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

காகித வேலையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை முடிவு செய்யாவிட்டால் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே பத்திரிகை அடித்து, தொட்டிலில் போட்டு, காதில் மூன்று முறை சொல்லிவிட்டால் மட்டும் போதாது.

இனிஷியலையும் யோசியுங்கள். பாஸ்போர்ட்டில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இனிஷியல் பழக்கமுள்ள நம் ஊர்க்காரர்கள் பலர் தவித்தார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரா, அம்மா பெயரா, இரண்டுமா என்பதைக் குழந்தை பெயரை முடிவு செய்யும்போதே பேசிவிடுங்கள். குழந்தை பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.