மெனுவில் ‘சதர்ன்’ என்றிருந்தால் அது நம்ம சவுத் இல்லை

அட்லாண்டாவுக்கு வந்த புதிதில், ‘சதர்ன் – ஏசியன்’ என்று போட்டிருந்த பலகையைப் பார்த்து, தோசை கிடைக்கும் என்று நம்பி உள்ளே போனவன் நான். கிடைத்தது கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய் வைத்த பன்றி இறைச்சி சாண்ட்விச். இங்கே சதர்ன் என்பது ஜார்ஜியா, மிசிசிப்பி, லூசியானா போன்ற அமெரிக்கத் தென்மாநிலங்களின் சமையல். அதில் கொரியா, வியட்நாம், இந்தியா என்று எந்த ஊர் கைப்பக்குவமும் கலக்கலாம்.

பெயரை நம்பி ஆர்டர் செய்வதுதான் எல்லாரும் செய்கிற தவறு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது ரொம்பவே வினை. காலர்ட் கிரீன்ஸ் கீரைதான், சந்தேகமில்லை. ஆனால் வழக்கமான முறையில் அதைப் புகையூட்டிய பன்றிக்கால் துண்டோடு சேர்த்து வெகுநேரம் வேகவிடுவார்கள். கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி சுடும் இரும்புச்சட்டியில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சிக் கொழுப்பைத் தடவியிருக்கலாம். கிரிட்ஸ், அதாவது மக்காச்சோள ரவைக் கஞ்சி, கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். இதெல்லாம் தென்மாநிலப் பக்கத்துச் சிக்கல். ஆசியப் பக்கம் வந்தால் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாஸோ இருக்கும், ஜப்பானிய மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும், சாதாரணக் காய்கறிப் பொரியல் மாதிரித் தெரிவதில் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் இருக்கும். ‘வெஜிடேரியனா?’ என்று மட்டும் கேட்டால், தட்டில் கறித்துண்டு இல்லை என்ற அர்த்தத்தில் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்கள். என்ன கொழுப்பு, என்ன ஸ்டாக் (வேகவைக்கிற சாறு), மீன் சாஸ் உண்டா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பொரித்தது என்றால், அதே எண்ணெயில் கோழியும் பொரிகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பிஸ்கட் கேட்டால் டீயில் தொட்டுக்கொள்கிற பிஸ்கட் வராது. மோர் ஊற்றிப் பிசைந்து சுட்ட, மெத்தென்ற சின்ன ரொட்டி வரும். அதன் மேல் ஊற்றுகிற வெள்ளை கிரேவியில் பெரும்பாலும் பன்றி சாசேஜ் இருக்கும். டீ கேட்டால் ஐஸ் போட்ட இனிப்பு டீ. பால் டீக்கு ஏங்கி ஏமாறாதீர்கள்.

அடுத்தது காரம். ‘நாங்கள் ஆந்திராக் காரமே சாப்பிட்டவர்கள்’ என்ற வீறாப்பு வேண்டாம். நாஷ்வில் ஹாட் சிக்கனில் மசாலாவோடு கோழி வேகுவதில்லை. பொரித்து எடுத்த பிறகு, சூடான கொழுப்பில் கலந்த கேயென் மிளகாய்த்தூளை மேலே பூசுவார்கள். உதட்டிலேயே நேராக ஏறும். முதல் தடவை நடுத்தரக் காரம் போதும். ஹூஸ்டனின் வியட்நாமிய–கேஜன் கிராஃபிஷ் வேறு ரகம். கேஜன் என்பது லூசியானா பக்கத்துச் சமையல், கிராஃபிஷ் என்பது இறால் மாதிரி ஓடுள்ள நன்னீர் உயிரி. மசாலாத் தண்ணீரில் வெந்த கிராஃபிஷைப் பூண்டு வெண்ணெயில் புரட்டி, பவுண்டு கணக்கில் கொட்டுவார்கள். பாதிக்கு மேல் ஓடுதான், எடையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையால்தான் உரித்துச் சாப்பிட வேண்டும், அதனால் வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். சீசன் ஏறக்குறைய கோடை ஆரம்பத்தோடு முடிந்துவிடும்.

‘இது அசல் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். நானும் சொன்னவன்தான். ஆனால் இந்தக் கலப்பு நேற்று வந்ததில்லை. சார்ல்ஸ்டன், சவானா பக்கம் ‘கன்ட்ரி கேப்டன்’ என்றொரு கோழிக் குழம்பு தலைமுறைகளாக இருக்கிறது: கறித்தூள், தக்காளி, உலர் திராட்சை எல்லாம் போட்டு. நம்ம வெண்டைக்காய் ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக அங்கே வேரூன்றியது. அதையே ‘ஓக்ரா சாட்’ ஆக்கி, மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபர்டில் பெயர் வாங்கியவர் குஜராத்தில் பிறந்த விஷ்வேஷ் பட். 2019இல் தென்பகுதியின் சிறந்த சமையல் கலைஞருக்கான, அமெரிக்கச் சமையல் உலகில் பெரிதாக மதிக்கப்படும் ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. கேரளத்திலிருந்து போன ஆஷா கோமஸ் அட்லாண்டாவில் கேரளா ஃபிரைட் சிக்கனைப் பிரபலமாக்கினார். அவரைப் போல மோரில் ஊறவைத்துக் கோழி பொரிப்பது தென்மாநில வழக்கமும்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு ‘எங்க வீட்டு மாதிரி இல்லை’ என்றால் என்ன சொல்வது?

ஆர்டரில் ஒரு கணக்கு: நாலு பேர் போனால் பொரித்தது ஒன்றே ஒன்று, மீதி ஊறுகாய், கீரை, சோறு என்று இருக்கட்டும். நிறைய இடங்களில் சின்னத் தட்டுகளாகப் பகிர்ந்து சாப்பிடத்தான் மெனு போடுகிறார்கள். ஆளுக்கொரு தட்டு என்று பிடிவாதம் பிடித்தால், எண்ணெயில் பொரித்ததே நாலு வந்து மூன்றாவது வாயில் திகட்டிவிடும்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப் வையுங்கள். இல்லாவிட்டால் 18 முதல் 20 சதவீதம் வழக்கம்.

அப்புறம், மிஞ்சின கிரிட்ஸ் ஆறி இறுகிவிட்டதே என்று மேஜையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பெட்டியில் வாங்கி வந்து, மறுநாள் காலை துண்டு போட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் அருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு இட்லிப் பொடி.