மக்காண்டாவில் பெரிய வீடு பிடித்த விதம்
தென்னாப்பிரிக்காவில் ரோட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் மக்காண்டாவில், அதாவது பழைய கிரஹாம்ஸ்டவுனில், நாலு படுக்கையறை வீடு கேட்டால் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாடகை சொல்கிறார்கள். மாணவர்கள் பங்கு போட்டுக் கட்டிவிடுவார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று போகும் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

மாணவர்கள் பலர் பத்து மாதத்துக்குத்தான் எடுப்பார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் வீடு சும்மா கிடக்கும். அதை வைத்தே பேசினேன். வருஷம் முழுக்க வாடகை தருகிறோம், மொத்த வீட்டுக்கும் ஒரே விலை சொல்லுங்கள் என்றேன். வீட்டுக்கார அம்மா கணக்குப் போட்டுப் பார்த்து இறங்கி வந்தார்.

வாடகையைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயம். இந்த ஊரில் குழாய் நாள்கணக்கில் வறண்டு கிடக்கும். மழைநீர் பிடிக்கும் ஜோஜோ தொட்டி இருக்கிறதா, பம்பு ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் முன்பணம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அதை வட்டி வரும் கணக்கில்தான் வீட்டுக்காரர் போட வேண்டும். குடிபோகும் முன் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட வேண்டும். சுவர் விரிசல், தரைக் கறை எல்லாவற்றையும் எழுதி, போட்டோவோடு ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டோம்.