‘அவர்தான் லைட் அடித்தார், அதான் போனேன்’: நெடுஞ்சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிரே வண்டி வந்தால் டிம் பண்ண வேண்டும், தெருவிளக்கு இருக்கும் ஊருக்குள் பிரைட் போட்டு ஓட்டக் கூடாது என்பதெல்லாம் எல்.எல்.ஆர். போட வருகிற அன்றே எல்லோரும் ஒப்பிக்கிற பாடம். அதை விட்டுவிடுகிறேன். நாமக்கல்லில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான். ஊருக்குள் அழகாக ஓட்டிப் பழகிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறியதும், லைட் அடிக்கிற விஷயத்தில் வருகிறவர்கள் எல்லோரும் வரிசையாக ஒரே தப்புகளைச் செய்கிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புகள்தான். வண்டிகள் மாறிவிட்டன, இது மட்டும் மாறவில்லை.

அடுத்தவர் அடித்த லைட்டை அனுமதியாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

நம் ஊர்ச் சாலையில் எதிரே வருகிறவர் இரண்டு முறை லைட் அடித்தால், பெரும்பாலும் ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்லு’ என்று சொல்கிறார். குறுகலான பாலத்தில் முதலில் லைட் அடித்தவருக்கே வழி என்பது லாரிக்காரர்கள் நடுவே ரொம்ப நாளாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் அதே இரண்டு முறையை, சந்திலிருந்து வெளியே வரத் தடுமாறும் காரைப் பார்த்து ஒரு நல்ல மனிதர் அடித்தால் ‘நீ வா’ என்று ஆகிவிடுகிறது. ஒரே வெளிச்சத்துக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம். எது என்று ஓட்டுகிறவர் ஊகிக்க வேண்டும்.

பிரிட்டனில் ‘நீங்கள் போங்கள்’ என்று சொல்லத்தான் அதிகம் அடிப்பார்கள். அங்கே சில வருடம் ஓட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு தம்பி, நம் சாலை பழகுவதற்காக என்னிடம் வந்தார். கை சுத்தம், கண்ணாடி பார்க்கிற பழக்கமும் உண்டு. சேலம் போகும் நெடுஞ்சாலையில் மீடியன் திறப்பில் வலப்பக்கம் திரும்ப நிற்கிறோம். எதிர்ப்பக்கம் சேலத்திலிருந்து வருகிற இரண்டு லேனையும் குறுக்கே கடக்க வேண்டும். மீடியனை ஒட்டிய லேனில் ஒரு டிப்பர் வந்தது. எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார், இரண்டு முறை அடித்தார். தம்பி உடனே கிளட்சை விட்டார்.

டிப்பர் எவ்வளவு உயரம்! அதற்கு அந்தப் பக்க லேனில் என்ன வருகிறது என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. பானெட்டுக்கு முன்னால் ஒரு பைக் சர்ரென்று போனது. பைக்கின் பின்சீட்டில் ஒரு அம்மா, மடியில் காய்கறிப் பை.

“ஏன் தம்பி எடுத்தீங்க?”

“அவர்தாங்ண்ணா லைட் அடிச்சு வரச் சொன்னாரு.”

“பைக்காரரும் சொன்னாரா?”

பதில் இல்லை. டிப்பர்காரர் வேறு, ‘வழி விட்டும் போகாமல் நிற்கிறானே’ என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

லைட் அடிக்கிறவர் தன் வண்டிக்கு மட்டும்தான் பொறுப்பு. பக்கத்து லேனுக்கோ, இடுக்கில் நுழைந்து வரும் பைக்குக்கோ அவர் வாக்குக் கொடுக்க முடியாது. சொல்லப்போனால், அவர் நல்ல மனசோடு நின்று கொடுத்ததே பின்னால் வருவதை மறைத்துவிடுகிறது. இதை பிரிட்டன்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடில் 110-ஆம் விதி, நீங்கள் இருப்பதைத் தெரிவிக்க மட்டுமே லைட் அடியுங்கள், வேறு எந்தச் செய்தியும் சொல்லாதீர்கள் என்கிறது. அடுத்த விதி, அடுத்தவர் லைட் அடித்தால் அது உங்களைப் போகச் சொல்வது என்று ஒருபோதும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறது. அங்கே அத்தனை வருடம் ஓட்டிய தம்பிக்கு இது புதுச் செய்தியாக இருந்தது!

கேஸ் என்று வந்தால் இன்னும் மோசம். அந்த பைக் மோதியிருந்தால் போலீஸ் கேட்கிற முதல் கேள்வி, திரும்புவதற்கு முன் எதிரே காலியாக இருந்ததா என்பதுதான். ‘டிப்பர் லைட் அடித்தது’ என்று சொல்லலாம். ஆனால் அந்த டிப்பர் அதற்குள் பரமத்தி வேலூரைத் தாண்டியிருக்கும்.

சரி, என்னதான் செய்வது? விளக்கைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். ஜல்லி ஏற்றிய வண்டி லைட் அடித்துவிட்டு உருண்டுகொண்டே வந்தால், அது நிற்கப்போவதில்லை. சக்கரம் முழுதாக நின்ற பிறகு, நின்ற வண்டியின் ஓரம் வரைக்கும் மெதுவாக மூக்கை நீட்டி மறுபடி ஒரு முறை நில்லுங்கள். அடுத்த லேன் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கடந்து போங்கள். பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

நீங்களும் இப்படித் தாராளமாக வழி கொடுக்காதீர்கள். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிற பெண்ணைப் பார்த்து லைட் அடிக்கிறீர்கள். அவர் உங்களை நம்பி இறங்குகிறார். உங்கள் பக்கவாட்டில் வேகமாக வருகிறவருக்கு இது எதுவும் தெரியாது. நிற்க வேண்டுமென்றால் நில்லுங்கள், பின்னால் வருகிறவருக்குக் கையைக் காட்டுங்கள். எப்போது கடப்பது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

பிரைட்டுக்கு பிரைட்

எதிரே வருகிறவர் டிம் பண்ணவில்லை என்றால் ஒரு முறை அடித்து ஞாபகப்படுத்தலாம். அப்படியும் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பழிக்குப் பழியாக நீங்களும் பிரைட் போட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 44 மீட்டர் வீதம் நெருங்குகிறீர்கள், இருவருக்குமே கண் தெரியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். எதிரே வண்டி வரும்போது பிரைட்டைக் குறைக்க வேண்டும் என்று 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. அந்த ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு பேரும் பிரைட் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள், ஆனாலும் எதிரே வருகிற எல்லோரும் உங்களைப் பார்த்து அடிக்கிறார்கள் என்றால் கோபப்படாதீர்கள், டிக்கியைத் திறந்து பாருங்கள். பழனிக்கு ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிப் போனால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு மேலே தூக்கிக்கொள்ளும். இதற்காகவே பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கிறது. சுமை ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். காரை வாங்கி வருடக் கணக்கில் அதைத் தொடாதவர்கள் ஏராளம். வழக்கமான ஹாலஜன் பல்பு 60/55 வாட். அதைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டியவர்களுக்கு இந்த உருளையும் உதவாது.

முன்வண்டியை ஒட்டிக்கொண்டு விடாமல் அடிப்பது

வலது லேனை விட்டு நகராத லாரியின் பின்னால் இரண்டு முறை அடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி வாருங்கள். டிரைவர் உங்களைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். முட்டுகிற தூரத்தில் நின்று அடித்தால் உங்கள் கார் அவருக்குத் தெரியவே தெரியாது.  பெரும்பாலானவர்கள் ஒதுங்குவார்கள், ஆனால் தங்கள் இடம் பார்த்துத்தான்.

பகலில் லைட் எரிகிறது என்று பைக்காரருக்குச் சொல்வது

2017 ஏப்ரல் முதல் வந்த பைக்குகளில் அது எஞ்சினோடு தானாகவே எரியும். கையை விரித்து மூடிக் காட்ட வேண்டாம்.

மலையில் லைட் அடித்துவிட்டு இறங்குவது

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரியில் ஹாரனைவிட லைட்தான் அங்கே உதவும். வளைவுக்கு முன் ஒரு முறை பிரைட் அடித்தால் வெளிச்சம் எதிர்ப் பாறையில் விழுந்து, மேலே வருகிறவருக்கு வண்டிக்கு முன்பே தகவல் போய்விடும். சரியான பழக்கம்தான். ஆனால் புதிதாக மலை ஏறுகிறவர்கள் இறங்கும்போது அடித்துவிட்டு, ‘சொல்லிவிட்டோமே’ என்று அப்படியே வளைவுக்குள் நுழைகிறார்கள். சாலை குறுகலாக இருந்தால் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. யார் முதலில் லைட் அடித்தார் என்பதால் அது மாறாது. பாதி ஏற்றத்தில் நிறுத்திய பஸ்ஸை மறுபடி எடுப்பது என்ன பாடு என்று அந்த டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். இறங்குகிறவர் அடித்துவிட்டு, வளைவுக்கு முன்னாலேயே அகலமான இடத்தில் நிற்க வேண்டும்.

‘முன்னால் போலீஸ் நிற்கிறது’

இதைச் சிலர் சேவையாகவே செய்கிறார்கள். எதிரே வருகிற அத்தனை பேருக்கும் லைட் அடித்து எச்சரிக்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவின் மிசூரியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இப்படி எச்சரிப்பது பேச்சுரிமைக்குள் வரும் என்று சொன்னது உண்மை. ராசிபுரம் பக்கம் உங்களை நிறுத்துகிற எஸ்.ஐ.யிடம் அந்தத் தீர்ப்பை எடுத்துவிட்டால் எடுபடாது. அரசு ஊழியர் வேலைக்குத் தடை செய்வதற்கு இங்கே தனிப் பிரிவே இருக்கிறது, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 221. லைட் அடித்ததற்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம், அதற்குள் உங்கள் சாயங்காலம் ஸ்டேஷனில் போய்விடும். அதைவிட, நீங்கள் காப்பாற்றிவிட்ட அந்த எதிர்வண்டிக்காரர் குடித்திருந்தாரா என்று உங்களுக்குத் தெரியுமா?

நாற்சந்தியில் நேராகப் போக நாலு இண்டிகேட்டரையும் போடுவது

வேண்டாம்.

தள்ளிவிட்டு மறப்பது

ஸ்டீயரிங் பக்கத்து லைட் குச்சியை உங்கள் பக்கமாக இழுத்தால் பிரைட் ஒரு முறை அடித்துத் தானே அணையும். முன்னால் தள்ளினால் அப்படியே நின்றுவிடும். அவசரத்தில் புதியவர்கள் தள்ளிவிடுகிறார்கள், அப்புறம் பத்து கிலோமீட்டர் வரை எதிரே வருகிறவர்கள் ஏன் திட்டிக்கொண்டே போகிறார்கள் என்று புரியாமல் ஓட்டுகிறார்கள். மீட்டர் பக்கத்தில் நீல விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் குச்சியை ஒரு முறை இழுத்து விடுங்கள்.