மேற்பரப்பு அலை கொண்டு விரிசல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையில் ஓர் எதிரொலி எழுந்தால் போதும், உடனே 'விரிசல்' என்று எழுதிவிடுகிற அவசரம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டி மீயொலி அலையை ஓடவிட்டுச் சோதனை செய்யும் பலரிடம் இருக்கிறது. எழுந்தது விரிசலா, வழிந்து கிடக்கும் எண்ணெயா என்று கண்டுபிடிக்க விரல் ஒன்றே போதும். எண்ணெய் தொட்ட விரல் நுனியை உலோகத்தின் மேல் அழுத்தி, அலையை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோப்பின் முன்னாலிருந்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். அலையின் பாதையில் விரல் இருக்கும் வரை எதிரொலி தாழும். எதிரொலி பிறக்கும் இடத்தைத் தாண்டிவிட்டால், விரலை எடுத்தாலும் வைத்தாலும் திரையில் மாற்றமே இராது. அந்த எல்லையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஒரு விரலுக்கே அடங்கிவிடும் அலை இது. 1885-இல் லார்டு ரேலே கணக்கிட்டுச் சொன்ன இந்த அலையின் ஆற்றலில் பெரும்பகுதி, ஏறத்தாழ ஓர் அலைநீள ஆழத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நுண்ணிய விரிசலை அது தவறவிடாததற்கும், துரு, உரிந்த பெயின்ட், அரைத்த தடம் என்று எல்லாவற்றிலும் இடறுவதற்கும் காரணம் ஒன்றே. ஆகவே அலையை உலோகத்துக்குள் கடத்தப் பூசும் கிரீஸோ எண்ணெயோ புரோப்பின் அடியில் மட்டும், மெல்லிய படலமாக இருக்கட்டும். முன்பக்கம் வழிந்ததைத் துடைத்த பிறகே அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதிர்வெண் கூடக் கூட நுட்பமும் கூடும் என்று நம்பி 10 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. எஃகில் இந்த அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர். எனவே 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மி.மீ., 5-இல் 0.6 மி.மீ., 10-இல் வெறும் 0.3 மி.மீ. கரடான பரப்பிலும் பருமணிகள் கொண்ட வார்ப்பிலும் குட்டை அலை சிதறி, திரை முழுக்க இரைச்சலாகிவிடும். நேர்மாறாக, 1 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு மயிரிழை ஆழத்துக் கீறலைத் தேடினால் எதிரொலி எழும்புவதே அரிது. எவ்வளவு ஆழமான விரிசலைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் புரோப்பைக் கையில் எடுக்கவே கூடாது.

அலையைச் சாய்வாக உலோகத்துக்குள் செலுத்தும் புரோப்பின் அக்ரிலிக் ஆப்பு எஃகுக்கென்றால் சுமார் 66 பாகை, அலுமினியத்துக்கென்றால் 70 பாகையை ஒட்டிய கோணம். ஒன்றுக்குரியதை மற்றதில் வைத்தால் அலை சரியாகப் பிறக்காது. ஆப்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும், பொருள் சூடாக இருந்தாலும் கோணம் பிசகும். தகட்டின் தடிமன் ஓரிரு அலைநீளம்தான் என்றால் அங்கே ஓடுவது ரேலே அலையே அல்ல, தகட்டின் முழுத் தடிமனையும் அசைத்துக்கொண்டு ஓடும் லாம்ப் அலைகள். அவற்றின் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், விரிசல் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிடுவோம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, எதிரொலியின் உயரத்தைப் பார்த்து ஆழத்தைச் சொல்வது. விரிசல் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருக்கும்போது, ஆழம் கூடக் கூட எதிரொலியும் உயரும். ஆழம் அலைநீளத்தை எட்டிய பிறகு, விரிசல் எவ்வளவு இறங்கினாலும் உயரம் பெரிதாக மாறாது. அப்போது நேரத்தை அளப்பதுதான் நம்பகமான வழி. அலையை ஒரு புரோப்பிலிருந்து அனுப்பி, விரிசலுக்கு அப்பால் இன்னொன்றில் வாங்கினால், விரிசலின் ஒரு சுவரில் இறங்கி மறுசுவரில் ஏறிவரும் அலை தாமதமாக வரும். எஃகில் நேராக இறங்கிய, வாய் திறந்த 3 மி.மீ. விரிசல் என்றால் கூடுதல் பாதை 6 மி.மீ.; தாமதம் ஏறத்தாழ 2 மைக்ரோநொடி.

'வாய் திறந்த' என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையில் உலோகம் சோர்வதால் உண்டாகும் விரிசல்களின் சுவர்கள், அமுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அலையின் ஒரு பகுதி அந்தத் தொடுபுள்ளிகள் வழியே கடந்துபோய்விடுவதால் எதிரொலி குறைந்துவிடும். மின்பொறியால் அரித்த வெட்டையே மாதிரிக் கட்டையில் வைத்து அளவு திருத்துகிறோம். அந்த வெட்டு அகலமானது, திறந்தது, கூச்சமில்லாமல் எதிரொலிப்பது. அதன் உயரத்தையே ஏற்பு வரம்பாக வைத்தால், அதே ஆழமுள்ள உண்மையான விரிசல் வரம்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். வரம்பைத் தாழ்த்தி வையுங்கள். முடிந்தால் பாகத்தின் மேல் இழுவிசை இருக்கும்போதே சோதியுங்கள்.

அலை செல்லும் திசைக்கு இணையாக ஓடும் விரிசல் ஏறக்குறைய எதையும் திருப்பி அனுப்பாது; ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலாவது வருட வேண்டும். கூர்மையான விளிம்பும் சாவிக்காடியும் எதிரொலி தரும். வளைவின் ஆரம் அலைநீளத்தைவிட நன்கு பெரிதாக இருந்தாலோ அலை வளைந்து மறுபக்கம் போய், அங்கிருப்பதையும் காட்டிவிடும். பாகத்தின் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

அறிக்கையில் 'குறையில்லை' என்று மொட்டையாக எழுதுவதும் தவறுதான். 5 மெகாஹெர்ட்ஸில் எஃகைச் சோதித்தவர் பார்த்தது மேலேயுள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தோலை மட்டுமே. அதற்குக் கீழே இருப்பதற்கு வேறு புரோப், வேறு சோதனை.