ஷீ ஸ்டூப்ஸ் டு கான்கர் நாடகத்த கிளாஸ்ல நடத்துறது எப்படி? (புதுசா சேர்ந்த டீச்சர்களுக்கு)

பிஏ இங்கிலீஷ் பசங்களுக்கு முதல் தடவையா இந்த நாடகம் எடுக்கப்போறீங்கன்னா, இத எழுதின ஆலிவர் கோல்ட்ஸ்மித் வாழ்க்கை வரலாற சொல்லியே ரெண்டு பீரியட ஓட்டிராதீங்க. 1773ல லண்டன் கோவன்ட் கார்டன்ல மேடையேறுச்சு, கண்ணீர் வரவைக்கிற சென்டிமென்டல் காமெடி ஓடிட்டிருந்த காலத்துல இவர் வாய்விட்டு சிரிக்கவைக்க எழுதினார், முதல் நாளைக்கு இவ்ளோ போதும்.

ஸ்டெப் 1: போர்டுல ஒரு டேபிள் போடுங்க. ஒரு பக்கம் மார்லோ (பொண்ணு பாக்க வர்றவன்), ஹேஸ்டிங்ஸ் (அவன் ஃப்ரெண்டு), ஹார்ட்காஸில் (வீட்டுக்காரர்), கேட் (அவர் பொண்ணு, மார்லோ பாக்க வர்றது இவளத்தான்), டோனி (ஹார்ட்காஸில் பொண்டாட்டியோட முதல் கல்யாணத்துப் பையன்). மேல ஒரே கேள்வி, 'யாருக்கு என்ன தெரியும்?' ஹார்ட்காஸில் வீட்டையே சத்திரம்னு சொல்லி மார்லோவையும் ஹேஸ்டிங்ஸையும் டோனி அனுப்பிவிடுறான்ல, அங்கருந்து டிக் போட்டுக்கிட்டே வாங்க. ரெண்டாவது ஆக்ட்லயே ஹேஸ்டிங்ஸுக்கு உண்மை தெரிஞ்சிடும், ஆனா மார்லோகிட்ட மூச்சு விடமாட்டான், அந்த டிக்க பசங்களே வந்து போடட்டும்.

ஸ்டெப் 2: இதுதான் மெயின். புக்க மூடச்சொல்லிட்டு மூணு பேர முன்னாடி கூப்பிடுங்க. ஒருத்தன் காதுல 'வர்றவன் உன் பழைய ஃப்ரெண்டோட பையன், உன் வீட்ல தங்கப்போறான்', மத்த ரெண்டு பேர்கிட்ட 'லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கீங்க, ஓனர் ஓவரா மொக்க போடுறான்'. ரெண்டு நிமிஷம் பேசவிடுங்க, கிளாஸே அதிரும். அப்புறம் புக்க திறந்தா, பெரியவர் ஹார்ட்காஸில் போர்க்கதை சொல்ல ஆரம்பிக்க இவனுங்க கோட்டு சட்டைய பத்தி பேசுறதும், மெனு கேட்டு வாங்கி ஒவ்வொரு ஐட்டமா திட்டுறதும் நீங்க விளக்காமலே புரியும். தயவுசெஞ்சு ஜோக்குக்கு பொழிப்புரை மட்டும் சொல்லாதீங்க, செத்துரும்.

ஸ்டெப் 3: முதல்ல பாத்த கேட்டையே அப்புறம் வேலைக்காரப் பொண்ணுன்னு மார்லோ நினைச்சுக்குறான்ல, அங்க 'அதே பொண்ணுதான மேம், எப்படி அடையாளம் தெரியல?'ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க. நாடகம்னா அப்படித்தான்னு மழுப்பாதீங்க, ஆதாரத்த தேடவிடுங்க. சாயங்காலம் எளிமையா டிரெஸ் பண்றேன்னு கேட் அப்பாகிட்ட ஒத்துக்கிட்டது முதல் ஆக்ட்லயே இருக்கு. முதல் சந்திப்புல மார்லோ கூச்சத்துல அவ முகத்தையே பாக்கல. பெரிய இடத்துப் பொண்ணு முன்னாடி நாக்கு ஒட்டிக்குது, வேலைக்காரப் பொண்ணுன்னு நினைச்சதும் கை நீளுது, இது வெறும் காமெடியான்னு கேளுங்க, பொண்ணுங்க பேசுறத குறுக்க வராம கேளுங்க.

ஸ்டெப் 4: இன்டெர்னலுக்கு டோனி கேரக்டர் ஸ்கெட்ச் வேணாம், எல்லா கைடுலயும் இருக்கு. டோனிய தூக்கிட்டா கதை எந்தெந்த இடத்துல நின்னுபோகும்னு கேளுங்க, காப்பி அடிக்க வழியில்ல.